எல்.சி.50-ல் ஐம்பது எங்கே? ஓர் ஓய்வூதியப் படிவத்தை வாசித்தல்

வழக்கமாக இங்கே கல்வெட்டு, ஏரி மதகு, பழைய நில வரைபடம் என்று ஏதாவது எழுதுவேன். இந்த முறை விமர்சனத்துக்கு எடுத்திருப்பது ஒரு படிவம். தேசிய ஓய்வூதியத் திட்டத்தில், அதாவது என்.பி.எஸ்-ல், உங்க பணத்தை எதில் போடுவது என்று டிக் அடிக்கச் சொல்லும் அந்த அரைப் பக்கம். கோடிக்கணக்கான பேரின் கிழக்காலச் சோறு அதில் இருக்கிறது. ஆனால் அதை ஒரு நூலைப் போல உட்கார்ந்து வாசித்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? 2021-ல் அதைப் பற்றி இன்னொருவருக்கு அறிவுரை சொன்னபோது நானே வாசித்திருக்கவில்லை.

அந்த இன்னொருவர் என் அக்கா வீட்டுக்காரர். மத்திய அரசுத் துறை ஒன்றில் பல வருஷம் நாட்கூலியாக இருந்து 2006-ல்தான் நிரந்தரம் ஆனார். அந்த இரண்டு வருஷத் தாமதம்தான் கதை. ராணுவம் நீங்கலாக, 2004 ஜனவரி 1 முதல் மத்திய அரசு வேலையில் சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் கிடையாது, என்.பி.எஸ்தான். 2027-ல் அவருக்கு 60 முடிகிறது.

2021-ல், கொரோனா கொஞ்சம் அடங்கிய சமயம், திருவண்ணாமலை வீட்டில் இருந்தபடியே பெங்களூர் கம்பெனிக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சாயந்திரம் மாமா போனை நீட்டினார். “மாப்ள, இதுல டிஃபால்ட்னு போட்டிருக்கு. அப்படின்னா என்ன? மாத்தலாம்னு ஆபீஸ்ல ஒருத்தர் சொல்றார்.”

2019 ஏப்ரல் முதல் மத்திய அரசு ஊழியர்களுக்கு இந்த உரிமை வந்திருந்தது. அதற்கு முன் எஸ்.பி.ஐ, எல்.ஐ.சி, யு.டி.ஐ ஆகிய மூன்று பென்ஷன் நிதிகளுக்குள் பணம் தானாகப் பிரிந்து போகும், பங்குகளில் அதிகபட்சம் 15 சதவீதம் என்ற வரம்போடு. 2019-க்குப் பிறகு ஊழியரே நிதி நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கலாம். முதலீட்டு முறையில் நாலு வழி: பழையபடி டிஃபால்ட், முழுக்க அரசுக் கடன் பத்திரம், எல்.சி.25, எல்.சி.50. எல்.சி என்றால் லைஃப் சைக்கிள். வயதுக்கு ஏற்ற மாதிரி பங்குகளின் பங்கு குறைந்துகொண்டே வரும்.

நான் பார்த்தேன். டிஃபால்ட்டில் 15. எல்.சி.50 என்று இருக்கிறதே, அதில் 50 இருக்கும், வயசு ஆனதால் கொஞ்சம் குறைந்திருக்கும், இருந்தாலும் 15-ஐ விடக் கூடத்தான் இருக்கும் என்று மனசுக்குள் ஒரு கணக்கு. “டிஃபால்ட்டுல பணம் தூங்குது மாமா. எல்.சி.50 போடுங்க” என்றேன். போட்டார். ஓ.டி.பி வந்தது, அடித்தார், முடிந்தது. மொத்தம் பத்து நிமிஷம் ஆகியிருக்கும்.

எல்.சி.50-ல் 35 வயது வரைதான் 50 சதவீதம். அதன்பிறகு ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் 2 சதவீதம் இறங்கும். 55-ல் 10 சதவீதம். அதோடு நிற்கும். மாமாவுக்கு அப்போது 54. அந்த வயதில் அட்டவணை சொல்வது 12, அடுத்த வருஷம் 10. அதாவது “பணம் தூங்குது” என்று நான் சொன்ன இடத்தில் 15 வரை போக இடம் இருந்தது. துணிச்சல் என்று நினைத்து நான் தள்ளிவிட்ட இடத்தில் அதை விடக் குறைவு. இது எனக்குத் தெரிந்தது 2025-ல்.

பண அளவில் பார்த்தால் பெரிய சேதம் இல்லை. அவர் கணக்கில் அப்போது சுமார் 15 லட்சம். 5 சதவீதம் என்றால் 75,000 ரூபாய் பங்கில் இருக்க வேண்டியது பத்திரத்தில் இருந்தது. அந்த 75,000-க்கு வருஷத்துக்கு 5 சதவீதம் கூடுதலாக வந்திருக்கும் என்று வைத்தாலும், நாலு வருஷத்தில் 15,000, 16,000 ரூபாய் சமாச்சாரம். என்னை உறுத்தியது வேறு. இரண்டு பேரும் எதைத் தேர்ந்தெடுத்தோம் என்று இரண்டு பேருக்குமே தெரியாது. சிஸ்டத்தின் பதிவேட்டில் மட்டும் “சந்தாதாரர் தாமே தேர்வு செய்தார்” என்று இருக்கும்.

இதில் என் பங்கு பிழையை நான் யார் தலையிலும் கட்டப் போவதில்லை. அட்டவணை பொதுவில் இருக்கிறது, தேடினால் இரண்டு நிமிஷத்தில் கிடைக்கும். ஆனாலும் இருபது வருஷத்துக்கு மேலாக நிரல் எழுதிப் பிழைப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்லலாம். ஒரு மாறிக்கு அதன் தொடக்க மதிப்பைப் பெயராக வைத்தால், எந்தக் கோட் ரிவ்யூவிலும் தாண்டாது. எல்.சி.75-ஐப் பாருங்க. நானே என் கம்பெனி வழியாகச் சேர்ந்த என்.பி.எஸ்-ல் அதைத்தான் போட்டிருந்தேன். எனக்கு இப்போது 46. முக்கால் பங்கு சந்தையில் இருக்கிறது என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அட்டவணைப்படி 45-ல் 35 சதவீதம், 46-ல் 32. அதே 46-ல் எல்.சி.50 என்ன சொல்கிறது? 28. பேருக்கு நடுவே 25 வித்தியாசம், உள்ளே 4. ஐம்பத்தைந்தில் மூன்றும் முறையே 15, 10, 5 என்று வந்து நிற்கும். அங்கே “அக்ரஸிவ்”, “மாடரேட்”, “கன்சர்வேடிவ்” என்று ஒட்டியிருக்கும் அடைமொழிகளுக்கு என்ன அர்த்தம்? ஓய்வு நெருங்கும் ஒருவருக்கு, அதாவது இந்தப் படிவத்தை முதல்முறையாக அக்கறையோடு திறந்து பார்க்கும் வயதில் இருப்பவருக்கு, அந்தப் பெயர்கள் 20 வருஷத்துக்கு முந்தைய தன்னைப் பற்றித்தான் பேசுகின்றன.

பெயர் மட்டுமா பிரச்சனை என்றால், இல்லை. இந்தப் படிவத்துக்கு ஒரு முன்னோர் உண்டு. 1998-ல் மத்திய சமூக நீதி அமைச்சகம், செபியின் முதல் தலைவராக இருந்த எஸ்.ஏ. தவே தலைமையில் ஒயாசிஸ் என்ற குழுவை அமைத்தது. அறிக்கை 2000 ஜனவரியில் வந்தது. தனித்தனி ஓய்வூதியக் கணக்கு, வாழ்நாள் முழுக்க ஒரே எண், சில நிதி நிறுவனங்கள், மூன்றே மூன்று வகை முதலீடு: பத்திரமானது, சமனானது, வளர்ச்சியானது. அந்த அறிக்கையின் மனசில் இருந்தவர் அரசு ஊழியர் இல்லை. எந்த பென்ஷனும் இல்லாத அமைப்புசாராத் தொழிலாளி. பீடித் தொழிலாளி, தையல்காரர், ஆட்டோ ஓட்டுபவர். ஒன்றுமே இல்லாதவருக்கு ஒரு உண்டியலும் ஒரு சாவியும் கொடுப்பது நல்ல யோசனைதான். ஆனால் 2004-ல் அது முதலில் போய்ச் சேர்ந்தது, கடைசிச் சம்பளத்தில் பாதி என்ற உறுதி கிடைத்துக்கொண்டிருந்த வர்க்கத்துக்கு. எல்லாக் குடிமக்களுக்கும் திறந்தது 2009 மே 1-ல்தான். ஒன்றுமில்லாதவருக்குச் சாவி என்பது கூடுதல் உரிமை. உறுதி இருந்தவருக்கு உறுதியை எடுத்துக்கொண்டு சாவியைக் கொடுத்தால் அது வேற விஷயம். அதே சொற்கள், அதே படிவம், எதிர் அர்த்தம். அதுவும் சாவி உடனே வரவில்லை. உறுதி போனது 2004-ல், தேர்வு செய்யும் உரிமை வந்தது 2019-ல். நடுவே 15 வருஷம் இரண்டும் இல்லை.

“தேர்வு கொடுத்தால் ஜனங்கள் பொறுப்பாக நடந்துகொள்வார்கள்” என்ற நம்பிக்கை உலகம் முழுக்க அந்தக் காலத்தில் இருந்தது. 2000-ல் சுவீடன் தன் புதிய பென்ஷனின் ஒரு பகுதியை இப்படித் திறந்துவிட்டது. 456 நிதிகள். நீங்களே தேர்ந்தெடுங்கள் என்று அரசே பெரிய விளம்பரம் செய்தது. மூன்றில் இரண்டு பங்கு மக்கள் தேர்ந்தெடுத்தார்கள். விளம்பரம் நின்றதும், அடுத்தடுத்த வருஷங்களில் புதிதாகச் சேர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் டிஃபால்ட்டிலேயே இருந்துவிட்டார்கள். முதல் வருஷம் தாங்களே தேர்ந்தெடுத்தவர்களும், டிஃபால்ட்டில் சும்மா இருந்தவர்களை விடச் சராசரியில் நன்றாகச் செய்துவிடவில்லை. படித்த, பணக்கார, கணக்கு ஒழுங்காக இருக்கும் நாடு அது. அங்கேயே இதுதான் கதி. நம் ஊரில் டிஃபால்ட்டை ஒரு சோம்பேறித்தனம் மாதிரிப் பேசுவது (நானும்தான் பேசினேன்) அபத்தம். டிஃபால்ட் என்பது யாரோ ஒருவர் யோசித்து வைத்த முடிவு. அது யார் முடிவு, யாருக்காக என்று கேட்பதுதான் சரியான கேள்வி.

வயதாக ஆகப் பங்குகளைக் குறைப்பதே தப்பு என்று சொல்கிறேனா? இல்லை. 2020 மார்ச் 31-ல் ஓய்வு பெற்ற ஒருவரை யோசித்துப் பாருங்க. சென்செக்ஸ் அந்த ஜனவரியில் 42,000 அளவில் இருந்தது, மார்ச் 23-ல் 26,000-க்குக் கீழே. ஏறக்குறைய 38 சதவீத வீழ்ச்சி. கணக்கில் 15 சதவீதம் பங்கில் வைத்திருந்தவருக்கு மொத்தத் தொகையில் 6 சதவீதத்துக்குள் அடி. முக்கால் பங்கு வைத்திருந்தவருக்கு 28 சதவீதம் போயிருக்கும். 30 வயதுக்காரர் அதே வருஷக் கடைசிக்குள் சிரித்துக்கொண்டு வெளியே வந்தார். ஓய்வு நாளன்று விற்றே ஆக வேண்டியவருக்கு அந்த வசதி இல்லை. இறங்குமுக அட்டவணை இந்தப் பயத்திலிருந்து பிறந்தது, பயம் நியாயமானது.

ஆனால் “விற்றே ஆக வேண்டியவர்” என்ற வார்த்தையில் ஒரு பொய் ஒளிந்திருக்கிறது. 60 வயதில் எல்லாவற்றையும் எடுத்தே ஆக வேண்டும் என்று விதி இல்லை. கைக்கு வரும் தொகையைத் தள்ளிப்போடலாம், ஆன்யூட்டி வாங்குவதையும் தள்ளிப்போடலாம். 2023 அக்டோபர் முதல் மாதாமாதமோ காலாண்டுக்கு ஒருமுறையோ கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கும் வசதியும் வந்துவிட்டது. அட்டவணையோ ஓய்வு நாள் என்பது உலகம் முடியும் நாள் என்கிற மாதிரி இறங்குகிறது. இது கொஞ்சம் லேட்டாக ஆட்சியாளர்களுக்கும் புரிந்திருக்கிறது. 45 வயது வரை 50 சதவீதத்திலேயே வைத்திருந்து, 55-ல் 35 சதவீதத்தில் நிற்கும் இன்னொரு வகையைச் சேர்த்தார்கள். 2025 அக்டோபரில் அதையும் எல்.சி.75-ஐயும் மத்திய அரசு ஊழியர்களுக்கும் திறந்தார்கள். படிவத்தில் மேலும் இரண்டு கட்டங்கள். ஆனால் என்ன வயதில் எவ்வளவு என்ற அட்டவணையைப் படிவத்திலேயே ஒட்டியிருந்தால், கட்டங்கள் அதிகமாவதை விட அதிகப் பிரயோஜனம் இருந்திருக்கும்.

நியாயமாகப் பார்த்தால் ஓய்வை நெருங்குபவருக்கு இந்த 10, 15 எல்லாம் சின்னச் சண்டை. பெரிய சண்டை இரண்டு. அதில் ஒன்று ஆன்யூட்டி. அரசு ஊழியர் ஓய்வு பெறும்போது சேர்ந்த தொகையில் குறைந்தது 40 சதவீதத்துக்கு ஒரு காப்பீட்டு நிறுவனத்திடம் ஆன்யூட்டி வாங்க வேண்டும். (தனியார் துறைக்காரர்களுக்கு 2025 டிசம்பரில் அதை 20 ஆகக் குறைத்துவிட்டார்கள். எனக்கு லாபம், மாமாவுக்கு இல்லை.) அது வாழ்நாள் முழுக்க ஒரே தொகை. விலைவாசி ஏறினாலும் அது ஏறாது. உங்களுக்கு மட்டுமா, மனைவிக்கும் சேர்த்தா, இறந்தபின் போட்ட பணம் வாரிசுக்குத் திரும்பவா வேண்டாமா என்று கேட்பார்கள். ஒருமுறை வாங்கிவிட்டால் பெரும்பாலும் மாற்ற முடியாது. ஆண்டுக்கு இரண்டு முறை மாற்றிக்கொள்ளக்கூடிய முதலீட்டு முறைக்கு அவ்வளவு வகை, அவ்வளவு பேச்சு. மாற்றவே முடியாத இதற்கு ஓய்வு நாள் பக்கத்தில் வரும் ஒரு டிராப்-டவுன்.

இன்னொன்று, 2025-ல் மாமா முன்னால் வந்து நின்றது: யு.பி.எஸ். ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம். 2024 ஆகஸ்ட்டில் அமைச்சரவை ஒப்புதல், 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. 25 வருஷ சேவை இருந்தால் கடைசி 12 மாதச் சராசரி அடிப்படைச் சம்பளத்தில் பாதி, அதன்மேல் அகவிலை நிவாரணம். குறைந்த சேவைக்கு அதே விகிதத்தில் குறையும். இறந்தபின் துணைக்கு அதில் 60 சதவீதம். என்.பி.எஸ்-ல் இருப்பவர்கள் விரும்பினால் மாறலாம் என்றார்கள். கடைசித் தேதி ஜூன் 30 என்றார்கள். அப்புறம் செப்டம்பர் 30. அப்புறம் நவம்பர் 30. கடைசித் தேதி இரண்டு முறை நகர்ந்தது எதைக் காட்டுகிறது என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். என் ஊகம்: முடிவு எடுக்க முடியாமல் லட்சக்கணக்கான பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

மாமா மறுபடி என்னிடம்தான் வந்தார். இந்த முறை நான் முதலில் விதிகளை வாசித்தேன். வாசித்தபோதுதான் 2021 என்னைக் கடித்தது. யு.பி.எஸ்-ல் ஊழியர் கணக்குக்குப் பக்கத்தில் ஒரு அளவுகோல் கணக்கு ஓடும். டிஃபால்ட் முறையில், ஒரு தவணையும் விடாமல், நடுவில் எதையும் எடுக்காமல் இருந்திருந்தால் எவ்வளவு சேர்ந்திருக்கும் என்ற கற்பனைத் தொகை. உங்கள் சொந்தத் தேர்வால் உங்கள் தொகை அதைவிடக் குறைந்தால், நீங்கள் பள்ளத்தை நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் பென்ஷன் அந்த விகிதத்தில் குறையும். மிஞ்சினால் உபரி உங்களுக்கே. நியாயமான விதிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்த முழு விவகாரத்திலும் “பொறுப்பு” என்ற சொல்லுக்கு ரூபாயில் அர்த்தம் சொல்லும் ஒரே பத்தி இதுதான். நீ தேர்ந்தெடுத்தாய், அதன் விலை இவ்வளவு. இதை 60-ஐத் தொடப்போகிறவருக்கு, உள்ளே ஒரு விதியில், கடைசியில் சொல்கிறார்கள்.

அப்புறம் கணக்கு. மாமாவின் அடிப்படைச் சம்பளம் 42,000 என்று வைத்துக்கொள்ளுங்க. 21 வருஷ சேவை. 25-ல் 21, அதில் பாதி: 42 சதவீதம். மாதம் 17,640. அன்றைய அகவிலை விகிதம் 58 சதவீதம், அதைச் சேர்த்தால் சுமார் 27,900, விலைவாசியோடு ஏறும். கைக்கு ஒரு தடவை சுமார் 2.8 லட்சம். சேர்ந்த பெரிய தொகை பொதுக் குளத்துக்குப் போய்விடும். மாமாவும் அக்காவும் போனபின் பிள்ளைகளுக்கு அதில் ஒன்றுமில்லை.

என்.பி.எஸ்-லேயே நின்றால்? 2027-ல் 30 லட்சம் சேரும் என்று வைப்போம். 12 லட்சம் ஆன்யூட்டி, 6.5 சதவீதம் கிடைத்தால் மாதம் 6,500. மீதி 18 லட்சத்தை அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்பில் 8.2 சதவீதத்துக்குப் போட்டால் மாதம் 12,300. ஆக 18,800. ஏறாது. ஐந்து வருஷம் கழித்து அந்த 8.2 எவ்வளவாக இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் போட்டது பணம் திரும்பும் வகை ஆன்யூட்டி என்றால், 30 லட்சம் பிள்ளைகளுக்கு அப்படியே இருக்கும்.

எக்ஸெல்லில் போட்டு, மேலே வண்ணமடித்து, கொண்டுபோய்க் காட்டினேன். என் மனசில் யு.பி.எஸ் பக்கம் ஒரு சாய்வு இருந்தது. ஆனால் 2021 ஞாபகம் வாயைக் கட்டிப்போட்டது. அக்காதான் கேட்டாள்: “இவருக்கு ஏதாவது ஆயிட்டா எனக்கு எவ்ளோடா வரும்?”

நான் போட்ட எக்ஸெல்லில் அந்த வரி இல்லை. நிஜமாகவே இல்லை. 27,900-ல் 60 சதவீதம், சுமார் 16,700 என்று அங்கேயே போட்டுச் சொன்னேன். இன்னொரு பக்கம், ஆன்யூட்டியை மனைவிக்கும் சேர்த்து வாங்கியிருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, 18 லட்சம் அப்போது யார் கையில் இருக்கும் என்று ஆரம்பித்தேன். மூத்த பையன் பிசினஸ் ஆரம்பிக்கணும் என்று சொல்லிக்கொண்டிருப்பது அறையில் எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மாமா சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். “நான் பாத்துக்கறேன் மாப்ள. கையெழுத்து என்னுதுதானே.”

நவம்பர் 24-ல் தீபத் திருவிழாக் கொடி ஏறியது. கடைசித் தேதியான 30-ஆம் தேதி ஞாயிறு, ஏழாம் நாள், தேரோட்டம். ஊரே மாட வீதியில் இருக்கும் நாள். அதற்கு இரண்டு நாள் முன்பே ஆபீஸில் யு.பி.எஸ் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு வந்தார். எனக்கு அக்கா சொல்லித்தான் தெரியும்.

இதே தெருவில் இன்னொரு கதை. என் சித்தப்பா மகள் அரசுப் பள்ளி ஆசிரியை. 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு சேர்ந்ததால் தமிழ்நாடு அரசின் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம், சி.பி.எஸ். அதில் தேர்வு என்ற பேச்சே கிடையாது. அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி இரண்டிலும் 10 சதவீதம் பிடிப்பார்கள், அரசும் அதே அளவு போடும், வருங்கால வைப்பு நிதிக்குரிய வட்டி சேரும். மேற்கு வங்கம் என்.பி.எஸ்-க்குள் போகவே இல்லை, தமிழ்நாடு பிடித்தம் செய்தும் அந்த அமைப்புக்குள் பணத்தைக் கொண்டுபோகவில்லை. ஓய்வின்போது சேர்ந்ததை மொத்தமாகக் கொடுத்து அனுப்புவார்கள், மாத பென்ஷன் இல்லை. பங்கும் கிடையாது, படிவமும் கிடையாது. எல்.சி.50 கதையை அவளிடம் சொன்னபோது சிரித்தாள். “எங்களுக்கு டிக் அடிக்க ஒண்ணுமே இல்லண்ணா. அதனால தப்பும் எங்களோடது இல்ல.”

அந்த வாக்கியத்தை நான் சுலபமாகத் தாண்ட முடியவில்லை. அவளும் சும்மா இருந்தவள் இல்லை. 2019 ஜனவரி ஜாக்டோ-ஜியோ வேலைநிறுத்தத்தில் இருந்தாள். 2016-ல் ஒரு குழு, அது 2018-ல் அறிக்கை, 2025-ல் இன்னொரு குழு என்று அரசுகள் இழுத்தன, இவர்கள் தெருவில் நின்றுகொண்டே இருந்தார்கள். 2026 ஜனவரி 3-ல் முதலமைச்சர் தமிழ்நாடு உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டத்தை அறிவித்தார்: கடைசி அடிப்படைச் சம்பளத்தில் பாதி, ஊழியர் பங்கு 10 சதவீதம் தொடரும். அது நடைமுறையில் எப்படி இருக்கும், அரசு நிதி தாங்குமா என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம். நான் கவனிப்பது வேறு. தேர்வுரிமை இல்லாத இடத்தில் பொறுப்பு சங்கமாகத் திரண்டது. அந்த உரிமை இருந்த இடத்தில், தனித்தனியாக, ஆளுக்கொரு லாகின், ஆளுக்கொரு ஓ.டி.பி. எங்கள் ஐ.டி. துறையில் கேட்கவே வேண்டாம். ஓய்வு பற்றிக் கூட்டாகப் பேசிய ஒரு மீட்டிங்கை இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததில்லை. வரிச் சலுகைக்கு எதில் போடலாம் என்று மார்ச்சில் வரும் மெயில்தான் எங்கள் பொது வாழ்க்கை.

என்னைக் கேட்டால் அந்த அரைப் பக்கத்தில் மூன்று விஷயம் இருந்திருந்தால் போதும். இன்று என் வயதில் இந்தக் கட்டம் எத்தனை சதவீதம், ஓய்வு நாளில் எத்தனை. இந்தச் சம்பளத்தில், இந்தச் சேமிப்பில், மாதம் சுமாராக எவ்வளவு வரும். நான் இல்லாவிட்டால் வீட்டில் இருப்பவருக்கு எவ்வளவு. கடைசிக் கேள்வியை இணையத்தில் கிடைக்கும் எந்த என்.பி.எஸ் கால்குலேட்டரும் என்னிடம் கேட்டதில்லை.

இப்போது மாமா ஆபீஸிலிருந்து மூன்று பேர் அந்த எக்ஸெல்லைக் கேட்டு வந்திருக்கிறார்கள். புதிதாக இரண்டு வரி சேர்த்திருக்கிறேன், மேலே இருந்த வண்ணத்தை எடுத்துவிட்டேன். போன வாரம் வந்தவருக்கு 57 வயது. என்.பி.எஸ்-லேயே நின்றுவிட்டவர். ஆன்யூட்டியில் எது நல்லது என்று நேராகவே கேட்டார். “அதை நான் சொல்ல மாட்டேன் சார். ஒவ்வொண்ணுலயும் உங்களுக்கு எவ்ளோ, நீங்க இல்லாதப்போ உங்க வீட்டம்மாவுக்கு எவ்ளோன்னு மட்டும் சொல்றேன்” என்றேன். சீட்டை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“சரி, வீட்ல கேட்டுட்டு வரேன்” என்று கிளம்பிப் போனார். இன்னும் வரவில்லை.